கேரியரில் இறக்கிய சுமை

சைக்கிளில் போகிறவர் தம் பையை முதுகில் மாட்டிக்கொண்டு போகலாம். பின்னால் கேரியரில் கட்டிக்கொண்டும் போகலாம். பை அதேதான், எடையும் தூரமும் அவைதான். ஆனால் போய் இறங்கும்போது உடம்பு ஒரேமாதிரி இருப்பதில்லை. முதுகில் மாட்டியவருக்குத் தோள்பட்டை இறங்கியிருக்கும், இடுப்பு பிடித்திருக்கும், ஹேண்டில்பாரில் சாய்ந்தே வந்ததால் மணிக்கட்டு வலிக்கும். மும்பையில் ஜூன் மாதப் புழுக்கம் என்றால் சட்டையின் முதுகுப்பக்கத்தைப் பிழிந்து காயப்போடலாம். கேரியரில் கட்டியவருக்குக் கால் மட்டும்தான் அசந்திருக்கும். 'பாரத்தை இறைவனிடம் இறக்கி வை' என்று சமயங்கள் சொல்கின்றன. இறக்கி வைத்த பிறகு மனிதனுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்பது தத்துவத்தில் நெடுநாள் நடந்த வழக்கு. அந்த வழக்கைப் புரிந்துகொள்ள இந்தக் கேரியர் நல்ல இடம்.

தாராவியில் இதைத் தினமும் பார்க்கலாம். 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் தமிழ்க் குடும்பங்கள் விடியும் முன்பே இட்லி அவித்து இறக்கிவிடுகின்றன. பெரிய அலுமினியப் பாத்திரத்தில் இட்லியை அடுக்கி, துணி போட்டு மூடி, விற்கப் புறப்படுகிறார்கள். சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. சைக்கிள் இருப்பவர்கள் பாத்திரத்தைக் கேரியரில் ஏற்றி இறுக்கிக் கட்டுகிறார்கள். சாம்பாரும் சட்னியும் தனித்தனித் தூக்குகளில் தொங்குகின்றன. ரப்பர் பந்து வைத்த ஹாரனை அமுக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போவார்கள். பாத்திரம் நிறைந்திருக்கும் நேரத்தில் பலர் ஏறி மிதிப்பதே இல்லை. கூடவே நடந்து தள்ளிக்கொண்டு போவார்கள். சுமை சைக்கிளுடையதாகிவிட்டது. நடையும், திருப்புவதும், குழி பார்த்து ஒதுங்குவதும் இன்னும் அவருடையவைதான்.

இயற்பியல் பாடப்புத்தகம் படித்த எவருக்கும் ஒரு விசித்திரம் நினைவிருக்கும். ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றால், அந்தப் பொருளின்மேல் செய்த வேலை பூஜ்யம். விசை இருக்கிறது; நகர்வு இல்லை; ஆகவே வேலை இல்லை. ஆனால் நிற்கிறவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. தசை ஓயாமல் சுருங்கிச் சுருங்கித்தான் அந்த எடையைப் பிடித்து வைக்க முடியும். அதற்குச் சக்தி செலவாகிறது. மேசைக்கோ இரும்புக் கேரியருக்கோ அந்தச் செலவே கிடையாது. எனவே சுமப்பது என்று ஒரே சொல்லில் அடக்கும் காரியத்தில் உண்மையில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன: தாங்குவது ஒன்று, நகர்த்துவது இன்னொன்று. பையை முதுகிலிருந்து கேரியருக்கு மாற்றும்போது முதலாவது முழுக்கக் கை மாறிவிடுகிறது. இரண்டாவது துளியும் குறைவதில்லை. மேட்டில் மிதிக்கும்போது அந்தப் பையின் எடைக்கும் சேர்த்தே மிதிக்க வேண்டும்.

பாரத்தை இறக்குவதற்குத் தமிழில் மிகவும் பெயர் பெற்ற உவமை ரமண மகரிஷியுடையது. 1901, 1902-ஆம் ஆண்டுகளில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குத் திருவண்ணாமலையில் அவர் எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து உருவானது 'நான் யார்?' என்ற சிறு நூல். ரயில் எல்லாப் பாரத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதில் ஏறி உட்கார்ந்த பிறகும் தன் சிறு மூட்டையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு ஒருவன் அவதிப்படுவது ஏன் என்று அதில் கேட்கிறார். உலகத்தை நடத்தும் சக்தி ஒன்று இருக்கும்போது, 'இப்படிச் செய்ய வேண்டுமே, அப்படிச் செய்ய வேண்டுமே' என்ற கவலை எதற்கு என்பதே கருத்து. மூட்டை தலையில் இருந்தாலும் தரையில் இருந்தாலும் ரயில்தான் அதை இழுக்கிறது. தலையில் வைத்திருப்பவன் ரயிலுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. தன் கழுத்தை நோகடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

உவமை அசைக்க முடியாதது, ரயிலைப் பொறுத்தவரையில். காலை எட்டரை மணிக்கு மாட்டுங்காவில் உள்ளூர் ரயில் ஏறுபவர் பையை முதுகிலிருந்து கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்வதும், மேல் ரேக்குக்குக் கைமாற்றிக் கொடுப்பதும் மகரிஷி சொன்னதன் நேரடிச் செயல்முறை எனலாம். ஆனால் ரயில் பயணி மிதிப்பதில்லை. வண்டி அவர் இல்லாமலும் போகும். வாழ்க்கை அப்படிப்பட்டதா என்பதில்தான் சிக்கல். குடும்பம், தொழில், நோய், கடன் எதுவும் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தானே அடுத்த நிலையம் சேர்வதில்லை. மகரிஷியும் உடல் உழைப்பை விடச் சொன்னவர் அல்லர். ஆசிரமச் சமையலறையில் விடியற்காலையில் காய் நறுக்க உட்கார்ந்தவர். அவர் விடச் சொன்னது 'நான் செய்கிறேன்' என்ற எண்ணத்தை. ஆயினும் ரயில் உவமையை மட்டும் பிடித்துக்கொள்பவருக்கு இந்த வித்தியாசம் நழுவிவிடுகிறது.

இந்த நழுவும் இடத்தை நூற்றாண்டுக் கணக்கில் நின்று விவாதித்தவர்கள் ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள். சரணாகதியை அவர்கள் 'பரந்யாசம்' என்றும் அழைத்தார்கள். தன்னைக் காக்கும் பாரத்தை இறைவனிடம் வைத்துவிடுவது. அப்படி வைப்பதில் உயிருக்கு ஏதேனும் பங்கு உண்டா? காஞ்சித் தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகரின் மரபு, உண்டு என்றது: அருள் இறைவனுடையதே, ஆனாலும் அதற்கு ஒரு சாக்காகவாவது உயிர் தன் பாரத்தை எடுத்து வைக்க வேண்டும். பிள்ளை லோகாசாரியரின் மரபு, அந்த வைப்பையும் ஒரு முயற்சியாக எண்ணக் கூடாது, காப்பாற்ற வருபவனைத் தடுக்காமல் இருந்தால் போதும் என்றது. தாய்க் குரங்கின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குட்டி முன்னதற்கு உவமை. தாய்ப் பூனை வாயால் கவ்விக்கொண்டு போகும் குட்டி பின்னதற்கு. வடகலை, தென்கலை என்று பிற்காலத்தில் இரு பிரிவாக இறுகியதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

இரண்டு உவமைகளிலும் குட்டி சுமக்கப்படுகிறது, ஓட்டுவதில்லை. உவமை நின்ற இடத்தைத் தாண்டிக் கோட்பாடு போகிறது. பாரத்தை வைத்துவிட்டவருக்கு அன்றாடக் கடமைகள் அற்றுப்போய்விடுவதில்லை என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன. முன்பு பலன் கருதிச் செய்த அதே காரியம் இனி கைங்கரியமாகிறது, அதாவது இறைவனுக்குச் செய்யும் தொண்டாகிறது. செயல் அப்படியே இருக்கிறது. செயலின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த கவலை இறங்கிவிடுகிறது. தாங்குவது போய் மிதிப்பது மிஞ்சும் நிலை என்று இதைச் சொன்னால் தப்பில்லை. குரங்குக்கும் பூனைக்கும் நடுவில் ஆசாரியர்களுக்கு ஒரு சைக்கிள் கிடைக்காமல் போய்விட்டது.

அவர்கள் வாழ்க்கையே இதைக் கோட்பாட்டைவிட அழகாகக் காட்டுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் டெல்லிப் படை திருவரங்கத்தின்மேல் வந்தபோது, முதுமையில் தளர்ந்திருந்த பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளின் உற்சவத் திருமேனியை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு காட்டு வழியாகத் தெற்கே புறப்பட்டார் என்றும், மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் காலம் முடிந்தது என்றும் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. உயிர் ஒரு முயற்சியும் செய்ய வேண்டாம் என்று எழுதியவர், எல்லாரையும் தாங்குபவனைத் தாமே தாங்கிக்கொண்டு நடந்தார். அதே படையெடுப்பில் தேசிகர், 'சுருதப்பிரகாசிகை' உரைச் சுவடியையும் அதை எழுதிய சுதர்சன சூரியின் பிள்ளைகள் இருவரையும் காப்பாற்றிக்கொண்டு தப்பினார் என்பது மரபு. பரந்யாசம் செய்தவர்கள் கையில் சுமையே இல்லாமல் திரிந்தவர்கள் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி எதிர்க்கட்சி. சுமையை இறக்காமல் உடம்பில் தாங்குவதையே வழிபாடாகக் கொண்ட மரபும் தமிழரிடம் வலுவாக இருக்கிறது. அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தோளில் எடுத்து வந்த இடும்பன் பழனியில் இளைப்பாற இறக்கி வைத்தான். மறுபடி தூக்க முடியவில்லை. குன்றின்மேல் நின்ற சிறுவனோடு சண்டையிட்டு விழுந்து, பின் அருள் பெற்றான். இடும்பனைப் போலக் காவடி சுமந்து வருபவருக்கு முருகன் அருள்வான் என்ற நம்பிக்கை அந்தக் கதையிலிருந்து வருகிறது. செம்பூர் சேடா நகரில் சுப்பிரமணிய சமாஜத்தின் முருகன் கோயில் 108 படிகளுக்கு மேலே இருக்கிறது. பால்குடத்தை லிஃப்டில் ஏற்றி அனுப்பலாமே என்று அங்கே கேட்பவரை யாரும் அறிவாளி என்று பாராட்டமாட்டார்கள்.

ஆனால் விரத மரபுகள், பலர் நினைப்பதுபோல், கண்மூடித்தனமான பிடிவாதம் கொண்டவை அல்ல. சபரிமலை இருமுடியைப் பார்க்கலாம். முன்முடியில் நெய்த்தேங்காயும் பூசைப் பொருள்களும், பின்முடியில் வழிக்கான அரிசியும் தம் பண்டங்களும். மும்பையிலிருந்து கிளம்பும் சாமிகள் ரயிலில் ஏறியதும் இருமுடியைத் துணி விரித்துப் பத்திரமாக இருக்கையிலோ மேலேயோ வைத்துவிடுகிறார்கள். சைக்கிளிலேயே மலைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களும் வழி முழுக்கத் தலையில் வைத்துக்கொண்டு மிதிக்க முடியாது. அதைக் குற்றமாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் பதினெட்டாம் படிக்கு முன் மூட்டை தலைக்கு வந்தாக வேண்டும். இருமுடி இல்லாதவருக்கு அந்தப் படி இல்லை. எந்த இடத்தில் வண்டி தாங்கலாம், எந்த இடத்தில் உடம்பே தாங்க வேண்டும் என்று மரபு கோடு போட்டு வைத்திருக்கிறது. கோட்டுக்கு இப்பால் உள்ள நீண்ட தூரத்தில் வலியைச் சேர்த்துக்கொள்வதால் பக்தி கூடிவிடுவதில்லை.

காவடிக்கும் இருமுடிக்கும் பொதுவான தன்மைகள் இரண்டு. சுமப்பவர் தாமாக ஏற்றுக்கொண்டது. இறக்கும் இடமும் நாளும் முன்பே தெரிந்தது. இந்த இரண்டும் இல்லாத சுமைக்குச் சமயப் பெயர் சூட்டும்போதுதான் தத்துவம் கெட்டுப்போகிறது. பாரத்தை இறக்கி வைக்கலாம் என்ற போதனையைக் கேட்டுக்கொண்டே, தன் பாரத்தை இன்னொரு மனிதனின் தலையில் ஏற்றியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். சுமப்பவர் எந்தச் சாதியில் பிறந்தார் என்பதே அவர் தலையில் எது ஏறும் என்பதையும் தீர்மானித்தது. திருக்குறளின் 37-ஆம் குறள் பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. அறத்தின் பயனை நூல் கொண்டு நிறுவ வேண்டாம், இந்த இருவரைக் கண்டாலே தெரியும் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. இதுதான் அறத்தின் வழி என்று அவர்களைக் காட்டிச் சொல்ல வேண்டாம் என்று நேர்மாறாகக் கொண்டவர்களும் உண்டு. முதல் உரை பல்லக்கில் இருப்பவருக்கு வசதியானது என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

சைவக் கதைகள் இந்த விஷயத்தில் உரைகாரர்களைவிடத் துணிச்சலானவை. பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் முத்துச்சிவிகையில் திருப்பூந்துருத்தி வருகிறார். வயதில் பெரியவரான அப்பர் கூட்டத்தில் புகுந்து, சிவிகை தாங்குவோரில் ஒருவராகத் தோள் கொடுக்கிறார். அப்பர் எங்கே என்று மேலிருந்து கேட்க, கீழிருந்து பதில் வருகிறது. சம்பந்தர் பதைத்து இறங்குகிறார். மதுரையிலோ சிவபெருமானே கூலியாள். வைகை உடைப்பெடுத்து வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி வந்திக்கு அனுப்ப ஆளில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு இறைவன் கூடையைத் தலையில் வைத்து மண் சுமக்க வருகிறான். வேலையில் ஏய்த்து அடியும் வாங்குகிறான். அந்த ஒரு பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்தது என்கிறது திருவிளையாடல். விடியற்காலையில் அவித்த பண்டத்தை விற்றுப் பிழைக்கும் தாராவிப் பெண்ணுக்கு எந்தத் தத்துவ நூலையும்விட இந்த ஒரு கதை நெருக்கமானது.

தலைச்சுமைக்காரருக்குத் தமிழ் ஊர்கள் கல்லிலும் ஏற்பாடு செய்து வைத்திருந்தன. நட்டுவைத்த இரு கற்களின்மேல் குறுக்கே ஒரு பலகைக்கல்: சுமைதாங்கி. தரையில் இறக்கினால் மறுபடி தூக்கிவிட இன்னோர் ஆள் வேண்டும். அதனால் தனியாள் தலையிலிருந்து நேரே தள்ளி வைக்கும் உயரத்தில் அந்தக் குறுக்குக் கல் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டார்கள். இறக்காமல் போன அவள் சுமைக்கு ஈடாக வழிப்போக்கர் எல்லாரும் தங்கள் சுமையை இறக்கி ஆற வேண்டும் என்பது நம்பிக்கை. பாரம் இறக்குவதை இவ்வளவு துல்லியமாக, அளவெடுத்து, சமய உணர்வோடு கட்டிய பொருள் வேறு எது என்று யோசித்தால் எளிதில் அகப்படாது.

அந்தக் கல்லுக்குச் சக்கரம் முளைத்ததுபோல் சைக்கிள் வந்து சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தந்தபோது, தண்ணீர்க் குடமும் விறகும் விளைபொருளும் இடுப்பிலிருந்தும் தலையிலிருந்தும் கேரியருக்கு இறங்கின. தமிழ்நாட்டில் மனிதனே ஓடி இழுக்கும் கைரிக்‌ஷா 1973-இல் மு. கருணாநிதி ஆட்சியில் ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா தரப்பட்டது. மிதிப்பது அப்போதும் மனிதன்தான், பயணி இன்னும் சுமைதான் என்பதால் அது பாதி விடுதலை. மும்பைக்குக் கிழக்கே மாதேரான் மலையில் கைரிக்‌ஷா இந்த நூற்றாண்டிலும் ஓடியது. ஆறு மாதத்துக்குள் அதை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில்தான் சொன்னது.

மதிய உணவு டப்பாக்களைக் கொண்டுசேர்க்கும் மும்பையின் டப்பாவாலாக்களையும் இங்கே சேர்க்க வேண்டும். 1890-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பண்டரிபுரம் விட்டலனைத் தொழும் வார்க்கரி மரபினர். ஸ்டேஷன் வாசலில் நீள மரத்தட்டைத் தலையில் ஏற்றுகிறார்கள். தெருவில் அதே டப்பாக்களைச் சைக்கிளின் இருபுறமும் கொத்தாகத் தொங்கவிடுகிறார்கள். தலையா சக்கரமா என்பதை அவர்கள் கொள்கையாகப் பார்ப்பதில்லை. படிக்கட்டு இருந்தால் தலை, தெரு இருந்தால் சைக்கிள். பசித்தவருக்குச் சோறு கொண்டுசேர்ப்பது விட்டல சேவை என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் கூடவே வருகிறது.

கேரியருக்கும் தனி ஒழுங்கு உண்டு, அதை விட்டால் விவரம் முழுமையாகாது. இறக்கி வைத்துவிட்டோம் என்று மறந்துவிட முடியாது. எடை உயரத்தில் இருந்தால் வண்டி ஆடும். மிகப் பின்னே தள்ளி இருந்தால் முன்சக்கரம் லேசாகிப் பிடி நழுவும். ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் அந்தப் பக்கமே இழுக்கும். தொங்கும் வார் சக்கரக் கம்பியில் சிக்கினால் ஆளும் பையும் சேர்ந்தே விழ வேண்டியதுதான். தாழ்வாக, நடுவாக, அசையாமல் கட்ட வேண்டும். ஒப்படைப்பவருக்குக் கவனம் மிச்சம் இருக்கிறது. நோவு மட்டுமே போகிறது.

மீதி இருப்பது பள்ளிப் பிள்ளைகளின் பை. அது விரதம் அல்ல; பிள்ளை அதைத் தானாக ஏற்றதும் இல்லை. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-இல் தம் கன்னிப்பேச்சை இந்தப் பைக்காகவே செலவிட்டார். குழந்தைகள் கூன் விழுந்து நடக்கிறார்கள் என்று கவலைப்பட்டார். பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு 1993-இல் சுமையற்ற கல்வி பற்றி அறிக்கை தந்தது. 2020-இல் வந்த மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. முப்பது கிலோ பிள்ளைக்கு மூன்று கிலோ. சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளை அந்தப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டால் முதுகு தப்பும். ஆனால் வகுப்பறை மூன்றாம் மாடியில் இருந்தால் அங்கே கேரியர் கிடையாது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள பெற்றோர் இன்று இரவு பையை ஒருமுறை எடை பார்த்து, நாளைய பாடவேளைக்கு வேண்டாத புத்தகங்களை எடுத்து வீட்டிலேயே வைத்துவிட வேண்டும்.